ஓர் அரசியலமைப்பு அறிஞரின் பதவிக்காலம் புகட்டும் பாடம்

பல்கலைக்கழக அனுமதியில் விண்ணப்பதாரியின் இனத்தைக் கருத்திற் கொள்ளும் நடைமுறைக்கு எதிராக அமெரிக்க உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 29ஆம் திகதி தீர்ப்பளித்தது. மறுநாள், நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் பதவியிலிருந்து 21 ஆண்டுச் சேவையின் பின்னர் லீ பொலிஞ்சர் விலகினார். அந்த நடைமுறையைக் காக்கும் சட்டப் போராட்டத்தில் பிரதிவாதியாக நின்றவர் அவரே என்பது குறிப்பிடத்தக்கது.

1946 இல் கலிபோர்னியாவில் பிறந்த பொலிஞ்சர், கொலம்பியாவில் சட்டம் பயின்று, பிரதம நீதியரசர் வொரன் பேர்கரிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். 1973 இல் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் இணைந்து, கருத்துச் சுதந்திரம் பற்றிய அரசியலமைப்புச் சட்டத்தில் புலமை பெற்றார். பின்னர், எமது நாட்டின் துணைவேந்தர் பதவிக்கு ஒப்பான தலைவர் பதவியை அங்கு 2002 வரை வகித்தார்.

அக்காலத்திலேயே, 1997 இல், அனுமதி மறுக்கப்பட்ட வெள்ளையின விண்ணப்பதாரிகள் வழக்குத் தொடுத்தனர். 2003 ஜூன் 23இல் இரு தீர்ப்புகள் வெளியாகின. சிறுபான்மை இனத்தவருக்குத் தானாகவே 20 புள்ளிகள் வழங்கிய இளமாணி அனுமதி முறை நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசீலித்த சட்டபீடத்தின் முறை 5இற்கு 4 என்ற பெரும்பான்மையால் ஏற்கப்பட்டது. 25 ஆண்டுகளில் இதற்குத் தேவை இராது என்ற எதிர்பார்ப்பை நீதியரசர் சண்ட்ரா டே ஓகொனர் வெளியிட்டார். ஆயினும் மிச்சிகன் வாக்காளர்கள் 2006 இலேயே அதனைத் தடைசெய்தனர். உயர் நீதிமன்றமோ 20 ஆண்டுகளே பொறுத்திருந்தது.

இவ்வெற்றியின் அத்திவாரம் ஆரம்பத்திலேயே ஒடுங்கியதாக இருந்தது என்றே நாம் கருதுகின்றோம். பன்முகத்தன்மை சகல மாணவரின் கல்விக்கும் பயன் தரும் என்ற அடிப்படையிலேயே நீதிமன்றம் அதனை ஏற்றது. கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதிக்கான பரிகாரமாக அது ஏற்கப்படவில்லை. 2023 இல் ஜெஃப்ரி ஸ்டோனுடன் இணைந்து எழுதிய நூலில் பொலிஞ்சர் அந்த வரலாற்றையே வாதத்தின் மையத்தில் வைத்தார். ஆனால், அதற்குச் செவிசாய்க்கக்கூடிய நீதிமன்றம் அப்போது இருக்கவில்லை.

கருத்துச் சுதந்திர விடயத்திலும் இதனையொத்த நிலைமையே ஏற்பட்டது. 2007 செப்டெம்பரில், கடும் எதிர்ப்பின் மத்தியிலும் ஈரானிய ஜனாதிபதி மஹ்மூத் அஹ்மதிநெஜாத்துக்குக் கொலம்பியாவில் மேடை வழங்கினார் பொலிஞ்சர். அதே மேடையில் விருந்தினரைக் கொடுங்கோலன் எனச் சாடவும் செய்தார். விருந்தோம்பல் மரபுக்கு இது ஒவ்வாதது. எனினும், வெறுக்கும் கருத்தையும் பேசவிட்டுப் பதிலளிக்க வேண்டும் என்ற தமது கொள்கையை அவர் கைவிடவில்லை.

அவர் விலகி ஓராண்டு நிறைவதற்குள், 2024 ஏப்ரலில், பலஸ்தீன மக்களுக்கு ஆதரவாகக் கூடாரமிட்ட மாணவர்களைக் கைதுசெய்யக் கொலம்பியா நிர்வாகமே பொலிஸாரை அழைத்தது. 2025 மார்ச்சில் 400 மில்லியன் டொலர் பெறுமதியான சமஷ்டி நிதி இரத்துச் செய்யப்பட்டது. ஜூலையில் 200 மில்லியன் டொலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்த அப்பல்கலைக்கழகம் இணங்கியது. மறுபுறம், பொலிஞ்சரின் காலத்தில் 2016 இல் அங்கு உருவாக்கப்பட்ட நைட் நிறுவகம், பலஸ்தீன ஆதரவு மாணவர்களை நாடுகடத்தும் கொள்கைக்கு எதிராக நீதிமன்றம் சென்றது. தலைவரின் துணிவு அவருடனேயே சென்றுவிட்டது. அவர் காலத்தில் தோன்றிய நிறுவனம் நிலைத்து நின்றது.

பல்கலைக்கழக அனுமதி எத்துணை ஆழமான காயங்களை ஏற்படுத்தவல்லது என்பதை நாம் அறிவோம். 1970களின் தரப்படுத்தல் தமிழ் இளைஞரிடையே பெருங்கசப்பை விதைத்தது. மாவட்டக் கோட்டாவோ பின்தங்கிய பிரதேசங்களின் மாணவர் பலருக்கு வாசலைத் திறந்தது. இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். ஆதலால், நீதிமன்றத்தின் ஒரு வாக்குப் பெரும்பான்மையிலோ, நல்ல நிர்வாகி ஒருவரின் பதவிக்காலத்திலோ சிறுபான்மையோரின் உரிமை தங்கியிருத்தலாகாது. அரசியலமைப்பின் தெளிவான ஏற்பாடும் பெரும்பான்மை மக்களின் மனச்சம்மதமுமே அதற்கு நிலையான காப்பாகும். அச்சம்மதத்தை ஈட்டும் பணி எந்தத் தீர்ப்போடும் முடிந்துவிடுவதில்லை.