ஒரு கணக்கால் ஆற்றலை அளக்கலாமோ?

விதிகளையும் உண்மைகளையும் கொடுத்து, விடையைக் கணினியே தேடுமாறு செய்யும் முறை தருக்க நிரலாக்கம் எனப்படும். 1972ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு மார்சேய் நகரில் உருவான புரோலாக் இம்முறைக்குரிய மொழி. அதனை இயக்கும் மென்பொருள்களின் விரைவைச் சிறு நிரலொன்றினால் அளப்பது நெடுநாள் வழக்கம். 30 உறுப்புகள் கொண்ட பட்டியலைத் தலைகீழாக்குவதே அந்நிரலின் வேலை. அதற்கு 496 உய்த்தறிதற் படிகள் வேண்டும். செக்கனுக்கு இத்தனை படிகள் என்ற எண்ணே பெருமையாகப் பேசப்பட்டது.

ஒரே வினாவைக் கொண்டு மாணவரைத் தரப்படுத்தும் ஆசிரியர் உளரோ? வழிதவறின் மீண்டுவந்து வேறு வழி தேடும் திறனை அந்நிரல் சோதிப்பதேயில்லை. அவ்வெண்ணை நம்பி மென்பொருளைத் தேர்வோர் தம் பணியில் ஏமாறக்கூடும்.

ஆதலின், பலவகைக் கணக்குகளைக் கொண்டு அளத்தல் வேண்டும். நேர எல்லையும் நினைவக எல்லையும் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். எல்லைக்குள் முடியாதவற்றையும் மறையாது எண்ணுதல் வேண்டும். விடை சரியோவெனத் தனியே சோதித்தல் வேண்டும். நிரல், தரவு, மென்பொருட் பதிப்பு, பொறியின் விவரம் யாவும் வெளியிடப்படுதல் வேண்டும். பிறர் மீள அளந்து ஒப்புநோக்க இயலாத எண்ணை நாம் சான்றாகக் கொள்ளோம்.