மூட்டைக்கு மானியம் உண்டு, எருக்குழிக்கு ஏன் இல்லை?

 

மக்காச்சோளத்துக்கு இருபத்தஞ்சாம் நாள் மேலுரம் வைக்கணும். மழை பெய்து நிலத்தில் ஈரம் இருந்தது. யூரியா வாங்க உரக்கடைக்குப் போனேன். "மூட்டை மட்டும் தர முடியாதுங்க. இந்த நுண்ணுயிர் பாட்டிலையும் சேர்த்து எடுத்தாத்தான்" என்றார் கடைக்காரர். மூட்டை 266 ரூபாய் 50 பைசா. பாட்டில் விலை அதைவிட அதிகம். சத்தம் போட்டேன். "எங்களுக்கும் மேலே இருந்து இப்படித்தானுங்க தள்ளிவிடறாங்க, நாங்க என்ன பண்றது?" என்றார். ஈரம் காயறதுக்குள்ள உரம் வைக்கணுமே! வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

பாட்டிலைப் பம்புசெட்டு ரூமில் தகரக் கூரைக்குக் கீழே வைத்து மறந்துவிட்டேன். ரெண்டு மாசம் கழித்து எடுத்துத் தண்ணியில் கலந்து பாய்ச்சினேன். ஒரு பலனும் இல்லை. உள்ளே இருப்பது உயிருள்ள சரக்கு, சூட்டில் வைத்தால் செத்துப்போகும் என்று பிறகுதான் தெரிந்தது. கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. கடைக்கு வரும்போதே அது உயிரோடு இருந்ததா என்பது அந்தப் பழனி ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இது என் ஒருத்தன் கதை இல்லை. யூரியாவோடு வேண்டாத சரக்கைத் தலையில் கட்டும் கொள்ளை நாடு முழுக்க நடக்கிறது. ஆனால் இந்தத் துண்டறிக்கையில் அதைப் பற்றி மட்டும் பேச வரவில்லை. நம் மண்ணுக்கு உண்மையிலேயே உயிர் தேவைப்படுகிறது. அந்த உயிரை நாமே நம் கட்டுத்தரையில் வளர்க்க முடியும். அப்படி வளர்ப்பவனுக்கு அரசாங்கம் ஒரு பைசா தருவதில்லை. அதுதான் நம் கேள்வி.

மண்ணுக்குச் சோறு போட்டோமா?

ஒரு கைப்பிடி நல்ல மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள், இந்த உலகத்தில் இருக்கிற மனுசர்களைவிட அதிகம். தழையை, சாணியை மக்க வைப்பது அவைதான். மண்ணோடு இறுகிப் போன மணிச்சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுப்பதும், பயறு, கடலை வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துத் தருவதும் அவைதான். வேரழுகல் பூஞ்சாணத்தை அடக்கி வைப்பதும் அவற்றில் சில.

ஆனால் அவையும் சாப்பிடணும். அவற்றின் சோறு, மண்ணில் இருக்கிற மக்கு. மண் பரிசோதனை அட்டையில் 'அங்ககக் கரிமம்' என்று ஒரு வரி இருக்கும். நாம் யாரும் அதைப் பார்ப்பதில்லை, யூரியா எத்தனை மூட்டை என்றுதான் பார்க்கிறோம். அந்த வரியில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மண் இளைத்துப் போச்சு என்று அர்த்தம். வீட்டுக்குப் போய் உங்க அட்டையை எடுத்துப் பாருங்க.

சோறில்லாத வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பினால் என்ன ஆகும்? அதே கதைதான் மக்கு இல்லாத மண்ணில் பாட்டில் நுண்ணுயிரை ஊற்றுவதும். முதலில் சோறு, அப்புறம் விருந்தாளி. அந்தச் சோறுதான் தொழு உரம், கம்போஸ்ட், பசுந்தாள் உரம், ஆட்டுக்கிடை எல்லாம்.

உள்ளதை உள்ளபடி சொல்லுவோம்

"கம்போஸ்ட் போடு, யூரியாவே வேண்டாம்" என்று மேடையில் பேசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லி விவசாயியைக் குழியில் தள்ள மாட்டோம். கணக்கைப் பாருங்க.

ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அதில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தால் 25 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேலே. ஆக, 5 டன் எருவும் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் கூடுதலான யூரியாவும் தழைச்சத்துக் கணக்கில் ஒண்ணு. அதுவும் முதல் பட்டத்திலேயே முழுசாகக் கிடைக்காது. இறவையில் ஒட்டுரக மக்காச்சோளம் ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்துக் கேட்கிறது. ஒரே நாளில் யூரியாவை விட்டால் வயல் மஞ்சளடித்து நிற்கும், வட்டிக்காரன் வாசலில் நிற்பான்.

பக்கத்து நாட்டில் நடந்ததைப் பார்த்தோம். இலங்கையில் 2021-ம் வருசம் திடீரென்று ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். குழியில் எரு தயாராகவில்லை, கையில் உரமும் இல்லை. நெல் விளைச்சல் படுத்தது, விவசாயி தெருவுக்கு வந்தான், நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். நடுவில் சீனாவிலிருந்து கப்பலில் இயற்கை உரம் வரவழைத்தார்கள். சோதித்தபோது அதில் பயிருக்கு ஆகாத பாக்டீரியா இருப்பதாகச் சொல்லிக் கப்பலைத் திருப்பிவிட்டார்கள். அப்படியும் 2022-ல் ஏறக்குறைய 70 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. சொந்த ஊர்ச் சாணியை விட்டுக் கடல் தாண்டி எரு வாங்கினால் இதுதான் கதி!

அப்படியானால் எரு எதற்கு? மூட்டை செய்யாத வேலையை எரு செய்கிறது. மண்ணைப் பொலபொலவென்று ஆக்குகிறது, மழைத் தண்ணியைப் பிடித்து வைக்கிறது, நுண்ணுயிருக்குச் சோறு போடுகிறது, போட்ட யூரியா வீணாகாமல் வேருக்குச் சேர உதவுகிறது. ஒரு ஏக்கரில் அரையடி ஆழத்து மேல்மண் மட்டும் ஏறக்குறைய 900 டன். அதைத் திருத்த ரெண்டு வண்டி குப்பை அடித்தால் போதாது. வருசா வருசம் போடணும். மண் தேறத் தேற மூட்டையைக் குறைக்கணும். இதுதான் நிதானமான வழி.

நம்ம கையில் இருப்பது என்ன?

வாசலில் மேடாகக் கொட்டி வைத்த சாணி எரு ஆகாது. தழைச்சத்து வெயிலில் ஆவியாகக் காற்றோடு போகிறது, மிச்சம் மழையில் கரைந்து சாக்கடைக்குப் போகிறது. அதையே மர நிழலில் குழியாகவோ பட்டறையாகவோ போடுங்க.

மக்காச்சோளத் தட்டை, சோளத்தட்டு, களை, காய்ந்த இலை எதையும் கொளுத்தாதீங்க. துண்டாக நறுக்கி அரையடிக்குப் பரப்புங்க. மேலே சாணிக் கரைசல் தெளியுங்க. பச்சைத் தழை ஒரு அடுக்கு. பாலுக்கு உறை மோர் விடுகிற மாதிரி, நன்றாக மக்கின பழைய எரு ஒரு கூடை தூவுங்க. நுண்ணுயிர் அதிலிருந்தே பெருகும். இப்படி நாலஞ்சு அடுக்கு.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்க. ரெண்டொரு சொட்டு கசியணும், ஒழுகக் கூடாது. அஞ்சாறு நாளில் கடப்பாரையைச் சொருகி எடுத்தால் கை வைக்க முடியாத சூடு இருக்கணும். அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். சூடே வராவிட்டால் ஈரமோ சாணியோ பத்தவில்லை என்று அர்த்தம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டால் மூணு நாலு மாசத்தில் எரு தயார். சாணி நாற்றம் போய், முதல் மழை விழுந்த மண் வாசம் வரும். அந்த வாசமே மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் விடுகிற வாசம்தான்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி போன்றவற்றைச் சேர்க்க நினைப்பவர்கள் சூடு தணிந்த பிறகு மட்டும் சேருங்க. சூட்டில் போட்டால் காசு கருகிப்போகும். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ மக்கின எருவில் கலந்து, தண்ணி தெளித்து, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு மூடி, பத்துப் பதினஞ்சு நாள் வைத்துப் போட்டால் அது எருவில் பெருகித்தான் வயலுக்குப் போகும். பொட்டலத்தில் தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்க. 2006-லிருந்து உயிர் உரமும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது. பொடி வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடி நுண்ணுயிர் உயிரோடு இருந்தாகணும் என்பது அதன் விதி. கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நார்க்கழிவைப் பச்சையாக வயலில் போடாதீங்க, அது பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் ஒன்றரைக் கிலோ சிப்பிக்காளான் விதையும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரமாக வைத்து மக்கச் செய்யும் முறையை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லியிருக்கிறது. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 112 பங்காக இருந்தது, இந்த முறையில் 24 பங்காக இறங்குகிறது. ரோட்டோரம் மலையாகக் கிடக்கும் குப்பை, நம் மண்ணுக்குச் சோறாகிறது.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை, ஆய்வுக்கூட வேலை என்று நினைக்காதீங்க. நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பயிற்சி கொடுத்து, கிராமத்து மகளிர் குழுப் பெண்கள் தங்கள் கையாலேயே டிரைக்கோடெர்மா விரிடி தயாரித்து விற்றார்கள். கன்னிவாடியில் முடிந்தது கீரனூரில் முடியாதா?

பணம் எங்கே போகிறது?

2022-ல் உலகச் சந்தையில் விலை ஏறினபோது ஒரு மூட்டை யூரியாவுக்கு மானியம் மட்டும் 2,000 ரூபாயைத் தாண்டியது. 2022-23-ல் மத்திய அரசின் உர மானியம் ஏறக்குறைய 2.5 லட்சம் கோடி. அந்த மானியம் நமக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வெட்டினால் முதலில் ரோட்டில் இறங்குவது நாம்தான்.

நகரக் குப்பையிலிருந்து செய்த கம்போஸ்ட்டுக்கு 2016 முதல் 2021 வரை டன்னுக்கு 1,500 ரூபாய் கொடுத்தார்கள். 2023 ஜூனில் சாண எரிவாயு ஆலைகளிலிருந்து வரும் எருவுக்கும் டன்னுக்கு 1,500 ரூபாய் என்று முடிவு செய்து 2025-26 முடிய 1,451 கோடி ஒதுக்கினார்கள். டன் எரு 1,500 ரூபாய் பெறும் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டது! அப்படியானால் ரெண்டு மாடு கட்டி, புருசனும் பொண்டாட்டியும் கூடை சுமந்து, வருசத்துக்கு அஞ்சு டன் எரு செய்கிற விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? கணக்குப்படி 7,500 ரூபாய் வரணும். கிடைப்பது முட்டை.

மாநில அரசு 2024-25 வேளாண் பட்ஜெட்டில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று நல்ல பேரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பசுந்தாள் விதை, மண்புழு உரப் படுக்கை எல்லாம் அதில் உண்டு, வரவேற்கிறோம். ஆனால் மண்புழு உரப் படுக்கை 10,000 விவசாயிகளுக்கு. 2015-16 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் விவசாயக் கைப்பற்று 79 லட்சம். எண்ணூறு பேருக்கு ஒருத்தர்! முழு இயற்கை விவசாயத்துக்கு மாறிக் குழுவாகப் பதிவு செய்பவர்களுக்கு மத்திய திட்டம் இருக்கிறது. மூட்டையைப் படிப்படியாகக் குறைத்து எருவைக் கூட்டுகிற சாதாரண விவசாயி எந்தப் பட்டியலிலும் இல்லை. 

நம் கோரிக்கைகள்

1. தன் நிலத்துக்குத் தானே எரு தயாரிக்கும் சிறு, குறு விவசாயிக்கு, ஆலைக்குக் கொடுத்த மாதிரியே டன்னுக்கு 1,500 ரூபாய் வங்கிக் கணக்கில் கொடு! குழியை அளந்து பார்த்துக் கொடு!

2. ஊரக வேலை உறுதித் திட்டம் எந்தப் பேரில் நடந்தாலும், சிறு விவசாயி நிலத்தில் எருக்குழி கட்டும் வேலையை ஒவ்வொரு ஊராட்சியிலும் எடு!

3. யூரியாவோடு பாட்டிலைக் கட்டி விற்கும் கடைக்கும், தள்ளிவிடும் கம்பெனிக்கும் உரிமத்தை ரத்து செய்!

4. உயிர் உரம் தயாரிக்கும் வேலையை வட்டாரத்துக்கு ஒரு மகளிர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்து ஒப்படை! கடையில் விற்பதை மாதிரி எடுத்துச் சோதித்து முடிவை ஒட்டு!

5. ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறிக் கழிவைப் பிளாஸ்டிக், கண்ணாடி கலக்காமல் பிரித்து, மக்க வைத்து, சுற்றுவட்டார விவசாயிக்கே கொடு!

அரசாங்கத்தைக் கேட்டுவிட்டு நாம் கையைக் கட்டி உட்காரக் கூடாது. இந்தக் கோடைக்குள் ஒவ்வொரு வீட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்திலும் ஒரு குழி. தட்டை கொளுத்துவதை இன்றோடு நிறுத்துவோம். பாட்டில் எடுத்தால்தான் மூட்டை என்று எந்தக் கடையில் சொன்னாலும் ரசீது கேளுங்க. ரசீதோடு சங்கத்துக்கு வாங்க. தனியாகச் சண்டை போட்டு நான் தோற்றேன். பத்துப் பேர் ரசீதோடு போனால் வேளாண்மை அலுவலகம் பதில் சொல்லித்தான் ஆகணும்.

1978-ல் வேடசந்தூரில் துப்பாக்கிக் குண்டுக்கு விவசாயிகள் உயிரைக் கொடுத்த மாவட்டம் இது. கேட்காமல் நமக்கு எதுவும் கிடைத்ததில்லை.

மண்ணுக்கு உயிர் கொடுப்போம்! உழைப்புக்கு விலை கேட்போம்!

ஒன்றுபடுவோம்! வெல்வோம்!