ஒரு பிள்ளையின் குரலை நாம் மூடிவிட வேண்டாம்

அன்பின் லக்கல உறவுகளே. கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

எமது வகுப்பில், தரம் 10 இல், நல்ல குரலுள்ள ஒரு மகன் இருக்கிறான். இடைவேளையில் மேசையைத் தட்டிப் பாடுவான். காலைக்கூட்டத்தில் கிராஅத் ஓதினால் சின்னப் பிள்ளைகள்கூட அசையாமல் நிற்பார்கள். இப்போது பாடுவதுமில்லை, ஓதுவதுமில்லை. "உங்கட மகன் பாட்டுக்காரனாகவா போறான்?" என்று கடையில் நாலு பேர் முன்னால் ஒருவர் வாப்பாவிடம் கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்துதான் இப்படி.

அவனை நினைக்கும்போது எமக்கு ஜுனைத் ஜம்ஷேத் ஞாபகம் வருகிறார். தாடியும் தொப்பியுமாக அவர் நஷீத் பாடும் வீடியோக்களை நாம் எல்லோரும் பகிர்ந்திருக்கிறோம். ஆனால் அவருடைய முதல் பாதியைப் பற்றிப் பேசுவதில்லை.

அவர் லாகூரில் பொறியியல் படித்தவர். 'வைட்டல் சைன்ஸ்' என்ற பொப்-ரொக் குழுவின் பாடகர். 1987 இல் வந்த 'தில் தில் பாகிஸ்தான்' அவரை அந்த நாட்டின் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1994 இல் தனியாகத் தனது முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதற்காக நண்பர்களை விட்டுப் போய்விடவில்லை. அடுத்த வருடமே குழுவின் நான்காவது தொகுப்பான 'ஹம் தும்' வந்தது. 1999 இலும் 2002 இலும் மேலும் தனித்தொகுப்புகள். அதன் பிறகுதான் இசைத்துறையை விட்டுத் தப்லீக் பணிக்கு வந்தார். 2005 இல் அவரது முதல் நஷீத் தொகுப்பு 'ஜல்வா-எ-ஜானான்' வெளிவந்தது. 2016 டிசம்பர் 7 ஆம் திகதி, சித்ராலில் தப்லீக் பணியை முடித்துத் திரும்பும் வழியில் விமான விபத்தில் வபாத்தானார்.

கணக்குப் பாருங்கள். தனிப்பாடகராக முதல் தொகுப்பு வந்ததற்கும் முதல் நஷீத் தொகுப்பு வந்ததற்கும் இடையில் 11 வருடங்கள். இரண்டிலும் இருந்தது ஒரே தொண்டைதான். மேடையில் பழகிய குரல்தான் பிறகு துஆவில் எம்மை அழவைத்தது. 1994 இலேயே யாராவது அந்தக் குரலை வெட்கப்படுத்தி மூடியிருந்தால், பிற்காலத்தில் நாம் எதைக் கேட்டிருப்போம்?

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். அது எமது வேலையல்ல. நாம் சொல்வது பிள்ளை வளர்ப்பைப் பற்றி. 15 வயதுப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைப்பது நஸீஹத் ஆகாது. தனியாகக் கூப்பிட்டு அன்பாகச் சொல்வதுதான் நஸீஹத். களு கங்கைத் திட்டத்தில் பழைய பல்லேகம நீருக்கடியில் போனது. அங்கே வாழ்ந்ததை யாராவது மறைக்கிறோமா? மனிதனும் அப்படித்தான். இடம் மாறுவான். வந்த வழியை வைத்து அவனைக் கேலி செய்யக் கூடாது.

ஆசிரியர்களான எம்மிலும் பிழை இருக்கிறது. மேசை தட்டியவனைச் "சத்தம் போடாதே" என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம்தான். அந்தக் குரலுக்கு ஒரு இடம் கொடுக்க எமக்குத் தோன்றவில்லை. இனி வாரத்தில் ஒரு நாளாவது கிராஅத், கஸீதா, கவிதை என்று பிள்ளைகள் வாய் திறக்க நேரம் ஒதுக்குவோம், இன்ஷா அல்லாஹ்.

கடையில் அந்த வார்த்தையைச் சொன்ன சகோதரருக்கு: உங்கள் பெயரை நாம் எழுத மாட்டோம். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கவும் மாட்டீர்கள். அடுத்த ஜும்ஆ முடிந்ததும் அவனது தோளில் கைபோட்டு, "மகன், ஒருக்கா ஓதிக் காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

வஸ்ஸலாம்.