பாஸ் சொன்னது யார்?

தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் தொழிற்சாலைகள் எழும்பியபோது, அங்கே கான்கிரீட் டிசைன் செய்தவர்களில் நானும் ஒருவன். சென்ற மாதம் அதே ஊரில் கட்டப்போகும் கட்டடத்தின் பைனைட் எலிமென்ட் கணக்கை ஓர் இளம் இன்ஜினியர் காட்டினார். திரையில் சிவப்பும் நீலமுமாக அழகான படம்.

"மொத்தப் பாரம் எவ்வளவு தம்பி?" என்றேன்.

"சாப்ட்வேர் பாஸ்னு சொல்லிடுச்சு சார்."

இருவரும் காகிதத்தில் கூட்டிப் பார்த்தோம். பில்லர்களின் அடியில் வந்த பாரம் 50 டன் குறைந்தது. மொட்டை மாடியில் வரும் 50,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைச் சேர்க்க மறந்திருந்தார்!

இது சின்ன மறதி. நார்வேயில் நடந்தது பெரியது. ஸ்லீப்னர் ஏ என்ற கடல் மேடையின் கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று நீரில் இறக்கிச் சோதிக்கும்போது சுவர் பிளந்து மூழ்கியது. சுவர்கள் சந்திக்கும் இடத்தில் எலிமென்ட்டுகளைச் சரியாகப் பிரிக்கவில்லை. ஷியர் விசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டியது கணக்கு. மாற்று மேடையை முதலில் சிலைடு ரூல் காலத்துக் கைக்கணக்கில்தான் டிசைன் செய்தார்கள்.

சாப்ட்வேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் ஒரு வாரம் போட்ட கணக்கை அது நொடியில் போடுகிறது. ஆனால் கொடுத்த பாரத்துக்குத்தான் அது பதில் சொல்லும், விட்டுப்போனதைக் கேட்காது. ஆறு மீட்டர் பீம், மீட்டருக்கு 2 டன் பாரம், இரு முனையிலும் சும்மா உட்கார்ந்தால் நடுவில் 9 டன்-மீட்டர் வளைவு. இந்த ஒரு வரியைப் போட்டுவிட்டுத் திரையைப் பாருங்கள்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது கம்ப்யூட்டர் அல்ல. அந்த ஸ்லாபுக்கு அடியில் ஷிப்டு பார்க்கப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள்.