பகிர்வென்றால் பஸ்தான்

‘பகிர்வு’ என்ற நல்ல சொல்லை என் தொழில்காரர்கள் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனம் கடன் வாங்கி ஆயிரம் மின்சாரக் கார்களை நகரம் முழுக்க நிறுத்தி, செயலி வழியாக மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால் அதற்குப் பெயர் கார் பகிர்வு. ஐம்பது பேர் ஒரே பஸ்ஸில் மூட்டையோடும் கைக்குழந்தையோடும் போனால் அதற்குப் பெயர் கூட்டம். முதலாவதற்கு முதலீடு வருகிறது, கருத்தரங்கு நடக்கிறது. இரண்டாவதற்குக் கிடைப்பது ‘நஷ்டத்தில் ஓடும் போக்குவரத்துக் கழகம்’ என்ற வசவு மட்டும்.

நான் பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சொந்த ஊர் இண்டூர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் தொழிலில் மின்வாகனப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் சீனாவைக் கொண்டுவந்து நிறுத்துவார். “அங்க பாருங்க ப்ரோ, சொந்தமா கார் எதுக்கு? போனை எடுக்கறான், தெருமுனையில நிக்கற எலெக்ட்ரிக் காரைத் திறக்கறான், போயிட்டே இருக்கான். நமக்கும் அதான் வரணும்.” சரி, சீனாவையே பார்ப்போம். ஆனால் முழுசாகப் பார்ப்போம்.

2013-ல் ஹாங்சோ நகரத்தில் காண்டி, கீலி நிறுவனங்கள் கூட்டாக ஒரு சேவையைத் தொடங்கின. அடுக்குமாடி வாகன நிறுத்தத்திலிருந்து குட்டி மின்சாரக் கார் இறங்கி வரும். குளிர்பான இயந்திரத்தில் பாட்டில் விழுவதுபோல. மணிக்கு 20 யுவான் வாடகை. அந்தச் சேவைக்கு வைத்த சீனப் பெயரின் பொருள் ‘நுண் பொதுப் போக்குவரத்து’. பெயரிலேயே பஸ்ஸின் நாற்காலியில் துண்டு போட்டுவிட்டார்கள். ஷாங்காயில் ஈவிகார்ட் வந்தது. சோங்சிங்கில் லிஃபான் குழுமத்தின் பான்டா ஆட்டோ வந்தது. இன்னும் எத்தனையோ.

இவ்வளவு கார்கள் எங்கிருந்து வந்தன? மத்திய அரசும் உள்ளூர் அரசுகளும் மின்சாரக் காருக்கு மானியம் கொடுத்தன. கார் விற்றால் மானியம். அது ஓடுகிறதா, யாராவது ஏறுகிறார்களா என்பது வேறு கணக்கு. எனவே காரைத் தயாரிக்கும் நிறுவனமே பகிர்வு நிறுவனத்தையும் நடத்துவது நல்ல ஏற்பாடாக இருந்தது. 2016-ல் சீன நிதியமைச்சகமே, 100 கோடி யுவானுக்கு மேல் மானிய மோசடி நடந்ததாக ஐந்து நிறுவனங்களின் பெயரை வெளியிட்டது. அந்த ஐந்தும் பஸ் செய்தவை. ஆக, பஸ் என்பதற்காக மட்டும் மானியம் புனிதமாகிவிடாது. அந்த ஆண்டுக் கடைசியில் விதி மாறியது: தனிநபர் அல்லாதவர் வாங்கும் மின்வாகனம் 30,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால்தான் மானியம். ஒரு வண்டி ஓடவேண்டும் என்பதைச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியிருந்தது பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

2017-லேயே ஈஸி, யோயோ போன்ற பகிர்வு நிறுவனங்கள் கடையை மூடின. லிஃபான் 2020-ல் திவால் மறுசீரமைப்புக்குப் போனது. ஹாங்சோவின் ஓரங்களில் கைவிடப்பட்ட மின்சாரக் கார்கள் வரிசை வரிசையாக நிற்க, நடுவே புல் முளைத்திருக்கும் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பாரிஸ் மட்டும் என்ன? 2011-ல் தொடங்கிய ஆட்டோலிப், 2018-ல் நின்றுபோனது.

இதை நிர்வாகத் தவறு என்று சுருக்கிவிட முடியாது. பிரச்சினை கணக்கிலேயே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒயிட்ஃபீல்டுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகிர்வுக் கார்களும் போய்விடும். அதன்பிறகு சாயங்காலம்வரை அவை அங்கேயே நிற்கும். கிளம்பிய இடத்தில் அடுத்து வருகிறவருக்குக் கார் இருக்காது. யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு காலி காரைத் திரும்ப ஓட்டிவர வேண்டும். மின்சாரக் காராக இருந்தால் அதைச் சார்ஜரில் சொருகவும் ஒருவர் வேண்டும், சீட்டில் கொட்டிய சாம்பாரைத் துடைக்கவும் ஒருவர் வேண்டும். டிரைவர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப்போய் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். இதற்கு எங்கள் ஆட்கள் அல்காரிதம் எழுதுகிறார்கள். நல்ல அல்காரிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷேர் ஆட்டோக்காரர் இதே கணக்கைத் தொண்டையாலேயே தீர்த்துவிடுகிறார். ஆள் எங்கே நிற்கிறதோ அங்கே வண்டி போகிறது. வண்டியைத் துடைப்பதும் அவர்தான், காவலும் அவர்தான்.

டிரைவர் இருந்தால் போதுமா என்றால் அதற்கும் நம்மூரிலேயே பதில் இருக்கிறது. டெல்லியிலும் பெங்களூரிலும் மின்சாரக் கார்களை மட்டும் வைத்து வாடகை ஓட்டிய புளூஸ்மார்ட், 2025 ஏப்ரலில் சேவையை நிறுத்தியது. அதற்குக் கார்களைக் குத்தகைக்குக் கொடுத்துவந்தது ஜென்சால் இன்ஜினியரிங். இரண்டையும் தொடங்கியவர்களில் அதே சகோதரர்கள் இருந்தார்கள். செபியின் இடைக்கால உத்தரவு தரும் கணக்கு இது: பொதுத்துறைக் கடன் நிறுவனங்களான ஐஆர்இடிஏ, பிஎஃப்சி இரண்டிலும் ஜென்சால் வாங்கிய கடனில் சுமார் 664 கோடி ரூபாய், 6,400 மின்சாரக் கார்கள் வாங்குவதற்கானது. வாங்கியது 4,704. மீதிப் பணம் போன இடங்களில் குருகிராமின் ஒரு சொகுசுக் குடியிருப்பும் உண்டு என்கிறது அந்த உத்தரவு. ஆயிரக்கணக்கான டிரைவர்கள் ஒரே வாரத்தில் தெருவில் நின்றார்கள். சீனாவிலிருந்து நாம் எதைக் கற்றோம் என்று இனி யாரும் கேட்கவேண்டாம். எண்ணிக்கை காட்டத் தெரிந்தவருக்குப் பொதுப்பணம் போகும் வழியைக் கற்றுக்கொண்டோம்.

உண்மையில் சீனா வேறொரு பாடத்தையும் எழுதி வைத்திருக்கிறது, அதைத்தான் யாரும் காட்டுவதில்லை. ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன்னிடமிருந்த 16,000-க்கும் மேற்பட்ட பஸ்கள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. அவை ஓடின. ஏனென்றால் ஏற ஆள் இருந்தது. தடம் இருந்தது, நேரம் இருந்தது, இரவில் நிற்க டிப்போ இருந்தது. புல் முளைத்த காரின் படம் நமக்கு வருகிறது. ஓடுகிற பஸ்ஸைப் படமெடுத்து யாரும் அனுப்புவதில்லை.

கார் பகிர்வு எங்குமே பிழைக்கவில்லையா? பிழைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ‘மொபிலிட்டி’ 1997-லிருந்து நடக்கிறது. அது கூட்டுறவு அமைப்பு. ரயிலும் பஸ்ஸும் மணி பிசகாமல் வரும் நாட்டில், அவை போகாத கடைசித் துண்டுக்கு மட்டும் கார். சோறு இருக்கும் இலையில் ஊறுகாய். நம் ஆட்கள் இலையில் ஊறுகாயை மட்டும் வைத்துவிட்டு விருந்து என்கிறார்கள்.

அதே 1997-ல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது. பெரிய பஸ் நுழையாத கிராமங்களுக்குச் சின்ன பஸ். உலகத்தரத்தில் சொல்லவேண்டுமென்றால் அதுதான் ‘நுண் பொதுப் போக்குவரத்து’. கருத்தரங்கில் யாரும் அதைப் பற்றி ஒரு படம்கூடப் போட்டதில்லை. 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. இதை ‘இலவசம்’ என்று நக்கலடிப்பவர்கள், தங்கள் மின்சாரக் காருக்குச் சாலை வரிச்சலுகை வாங்கும்போது மட்டும் அதைக் ‘கொள்கை ஊக்குவிப்பு’ என்பார்கள்.

இப்போது எங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். தருமபுரியிலிருந்து பென்னாகரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தினமும் அதே தடம், அதே நடை, ராத்திரி நிற்பதும் அதே இடம். மின்வாகனத்தில் பொறியாளரைப் பயமுறுத்தும் கேள்விகள் மூன்று: எவ்வளவு தூரம் ஓடும், எப்போது நிற்கும், எங்கே சார்ஜ் ஏறும். நகரத்துப் பகிர்வுக் காருக்கு மூன்றுக்கும் பதில் தெரியாது. எங்கள் டவுன் பஸ்ஸுக்கு மூன்றும் கால அட்டவணையிலேயே இருக்கிறது. டீசல் பஸ் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. லிட்டர் 90 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். நடுத்தர அளவு மின்பேருந்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம்தான். வாங்கும் விலைதான் அதிகம். மானியம் என்ற ஒன்று இருப்பதே அதற்குத்தானே?

மானியம் இருக்கிறது. பிரதமர் இ-டிரைவ் திட்டத்தில் 14,028 மின்பேருந்துகளுக்கு 4,391 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். யாருக்கு? 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஒன்பது பெருநகரங்களுக்கு. அதற்கு முன் 2023-ல் வந்த பிரதமர் இ-பஸ் சேவா, 10,000 பஸ்கள். தலைநகரங்கள் போன்ற சில விதிவிலக்குகள் போக, அதற்கு 2011 கணக்கெடுப்பில் குறைந்தது 3 லட்சம் மக்கள்தொகை இருக்கவேண்டும். தருமபுரி நகரம் அந்தக் கணக்கெடுப்பில் 70,000-ஐக்கூடத் தொடவில்லை. மாவட்டத் தலைநகருக்கே கதவு சாத்தியாயிற்று, இண்டூர் எந்த வரிசையில் நிற்பது? சென்னையில் 2025 ஜூனில் 120 மின்பேருந்துகள் ஓடத்தொடங்கின. சந்தோஷம். அடுத்த 120 எங்கே?

இண்டூரிலிருந்து பெங்களூருக்குப் போகிற பாதையைப் பாருங்கள். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை. ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ். நாட்டின் மின்ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு எங்கள் பக்கத்து மாவட்டத்தில் செய்யப்படுகிறது. அந்த வட்டாரத்து ஆலைகளுக்கு ஊர் ஊராக ஆள் ஏற்றிப் போவது எது? கம்பெனி பஸ். ஷிப்ட் தவறக்கூடாது என்று வரும்போது எந்த முதலாளியும் செயலியை நம்புவதில்லை, பஸ்ஸை அனுப்புகிறார். அவருக்குத் தெரிந்த உண்மை அரசுக்கும் தெரியவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

மூன்று விஷயம் கேட்கிறேன். மின்பேருந்து மானியத்தில் மக்கள்தொகை வரம்பை எடுத்துவிடுங்கள். வாங்கிய வண்டிக்கு அல்லாமல், ஆளேற்றி ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுங்கள். சீனா அடிபட்டுக் கற்றதில் பாதி இதுதான், அதையாவது இலவசமாக எடுத்துக்கொள்வோம். 2025-ல் புதுப்பித்துத் தொடங்கிய மினி பஸ் திட்டத்தில், தடம் எடுக்கும் சின்ன முதலாளிக்கு மின்வண்டி வாங்கக் குறைந்த வட்டியில் கடன் கொடுங்கள். 664 கோடியைக் கார்களுக்குக் கொடுக்கத் துணிந்த அரசுக் கடன் நிறுவனங்களுக்கு ஒரு மினி பஸ் பெரிய துணிச்சல் அல்ல.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் தருமபுரி அரசு மருத்துவமனையின் வராந்தாவில் படுத்துக் காலைவரை காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தெருமுனையில் பூட்டிக்கிடக்கும் ஒரு கார் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு இன்னொரு நடை.