உறைக்குள் ஒரு லேப்டாப் டிஸ்க்

கையடக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால், உள்ளே இருப்பது லேப்டாப்பில் போடும் அதே இரண்டரை அங்குல டிஸ்க். அதன் முனையில் சாட்டா இணைப்பை யுஎஸ்பி ஆக்கித் தரும் சிறு பலகை ஒன்று செருகியிருக்கும். சில மாடல்களில் அதுவும் கிடையாது. யுஎஸ்பி வாய் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். உறைமேல் எந்தப் பெயர் இருந்தாலும், இன்று டிஸ்க்கைச் செய்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள்தான்.

டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுள்ள கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டுகள், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு தூசி சிக்கினாலும் தட்டில் கீறல் விழும். அதனால்தான் டிஸ்க்கின் மூடியைச் சாதாரண அறையில் திறக்கவே கூடாது.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலை அலுவலக மேசையில் கிடக்கும் டிஸ்க்கின் மேல் தவிட்டுத் தூசி படியத்தான் செய்யும். காற்றுத் துளையில் வடிகட்டி இருப்பதால் தட்டுவரை அது போவதில்லை. யுஎஸ்பி வாயில்தான் அடைகிறது. செருகிச் செருகி அந்த வாய் தளர்வதும் அடிக்கடி வரும் கோளாறு. உள்ளே சாட்டா டிஸ்க் இருந்தால், அதைக் கழற்றி வேறு உறையில் போட்டுப் படித்துவிடலாம். பலகையே தரவைப் பூட்டி எழுதும் மாடல்களில் அந்த வழி அடைபடும்.

பெரிய எதிரி, ஓடும்போது கீழே விழுவது. நின்றிருக்கும் டிஸ்க்கில் முனை தட்டைவிட்டு விலகி ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். ஓடும் டிஸ்க்கில் தட்டின் மேலேயே இருக்கும். திடீரென்று கரண்ட் போனால், தட்டின் மிச்சச் சுழற்சியிலிருந்து எடுத்த மின்சாரத்தில் முனை ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் பாதி எழுதிய கோப்பு கெடலாம்.

‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லியாம்பியர், 3.0 தருவது 900. மின்சாரம் போதாவிட்டாலும் தட்டு சுழலத் திணறும். மாற்றியும் சத்தம் நிற்காவிட்டால் முனை பழுதாகியிருக்கலாம். மறுபடி மறுபடி செருகினால் சேதம் கூடும். தரவு மீட்பவரிடம் கொடுப்பதே நல்லது.

அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால், அதன் நினைவறைகளில் இருக்கும் மின்னூட்டம் கசியலாம்.

எந்த டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும். ஆகவே கல்யாண வீடியோவோ ஆலைக் கணக்கோ, மூன்று பிரதி வேண்டும்: இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். மண்ணச்சநல்லூர்க் குடும்பத்துக்கு அந்த வேறு ஊர், கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்து உறவினர் வீடாகவே இருக்கலாம். ஓலைச்சுவடிகள் செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுதப்பட்டதால்தான் பழைய நூல்கள் பிழைத்தன. டிஸ்க்கில் உள்ளதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழையதைக் கழிக்க வேண்டும்.