படகு மாறிற்று, பார்வை மாறிற்றா?

விளையாட்டிலே கூடவா வெள்ளை, கறுப்பு பார்ப்பது? குழந்தைகள் ஏறிக் கூச்சலிட்டு மகிழும் ஒரு படகிலே கூடவா அரசியலை ஏற்றுவது? - இப்படிக் கேட்கிறார்கள் அமெரிக்க நாட்டிலே சிலர். கோபத்தோடு கேட்பவர் உண்டு. கண்கலங்கிக் கேட்பவரும் உண்டு. கேட்கட்டும். கேள்வி கேட்பது பகுத்தறிவின் முதற்படி. ஆனால் கேள்வி கேட்டவர் பதிலையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்!

நடந்தது என்ன?

டிஸ்னி நிறுவனத்தின் கேளிக்கைப் பூங்காக்களிலே, கலிபோர்னியாவில் 1989 முதலும், புளோரிடாவில் 1992 முதலும், ஒரு நீர்ச்சறுக்குச் சவாரி நடந்து வந்தது. ஸ்பிளாஷ் மவுண்டன் என்று பெயர். மரக்கட்டை வடிவத்திலே படகு. இருபுறமும் ஆடிப்பாடும் பொம்மை விலங்குகள். முடிவிலே சுமார் 50 அடி உயரத்திலிருந்து தண்ணீரிலே தொபீரென்று ஒரு வீழ்ச்சி! ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலை அமெரிக்காவை உலுக்கிய 2020ஆம் ஆண்டு, ஜூன் திங்களிலே, இந்தச் சவாரியின் கதையை மாற்றப் போவதாக நிறுவனம் அறிவித்தது. 2023 ஜனவரியில் புளோரிடாவிலும், மே இறுதியில் கலிபோர்னியாவிலும் பழைய சவாரியை மூடினார்கள். 2024 ஜூன் 28ஆம் நாள் புளோரிடாவிலும், நவம்பர் 15ஆம் நாள் கலிபோர்னியாவிலும் அதே பள்ளத்திலே, அதே தண்ணீரிலே, புதுக்கதை ஓடத் தொடங்கிற்று. டியானாஸ் பாயூ அட்வெஞ்சர் என்பது அதன் பெயர். கதைத் தலைவி டியானா, 2009இல் வெளிவந்த படத்தின் நாயகி. டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி.

ஏறி இறங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள்? மூன்று அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். பழையதைப் பறித்துவிட்டார்களே என்று பதறுவோர் ஓர் அணி. எங்கள் பிள்ளை தன் முகச்சாயலை அங்கே கண்டு மகிழ்ந்தது என்று பூரிப்போர் ஓர் அணி. நோக்கம் நல்லதுதான், ஆனால் கதையிலே கனம் இல்லையே என்று உதடு பிதுக்குவோர் மூன்றாம் அணி. மூவர் பேச்சையும் நாம் எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

முதலாம் அணியினரை ஏளனம் செய்ய நாம் முன்வரமாட்டோம். தந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறியவன், தன் பிள்ளையை ஏற்ற வந்தபோது அது இல்லை என்றால் நெஞ்சு கனக்கத்தான் செய்யும். சவாரியை மூடிய வேளையிலே, அந்தத் தண்ணீரைப் புட்டியிலே அடைத்து விலை கூறிய விந்தையும் நடந்தது! தீர்த்தம் விற்கும் திருப்பணி நம் நாட்டின் தனிச்சொத்து என்றல்லவா இதுவரை எண்ணியிருந்தோம்!

ஆனால் அந்த அன்பர்களை நாம் கேட்கிறோம்: நீங்கள் மிதந்து சென்றது எந்தக் கதையின் மீது, அறிவீர்களா?

சாங் ஆஃப் த சவுத் என்றொரு படம். 1946இல் வந்தது. தென்னாட்டுப் பண்ணையிலே கறுப்பின மக்கள் கவலையற்றுப் பாடித் திரிந்தார்கள், வெள்ளை எசமானர் வீட்டுப் பிள்ளைக்குக் கதை சொல்லி மகிழ்ந்தார்கள் என்று காட்டிய படம். சாட்டையின் தழும்பு இல்லை; சங்கிலியின் ஓசை இல்லை; புன்னகை மட்டும் உண்டு! வந்தபோதே கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகள் கண்டித்தன. அந்தப் படத்திலே கதை சொல்லும் முதியவராக நடித்தவர் ஜேம்ஸ் பாஸ்கெட். படத்தின் முதற்காட்சி விழா அட்லாண்டா நகரிலே நடந்தது. ஊரே கூடிற்று, கொட்டு முழங்கிற்று. படத்தின் உயிர்நாடியான பாஸ்கெட் எங்கே? வரவில்லை! வந்திருந்தால் வெள்ளையரோடு விழாவிலே கலந்துகொள்ள அந்த நகரத்தின் நிறவெறிச் சட்டம் இடம் தந்திராது. திரையிலே அவர் சிரிப்பு வேண்டும். அரங்கிலே அவர் உடல் வேண்டாம்! 1948இல் அவருக்கு ஆஸ்கார் சிறப்புப் பரிசு அளித்தார்கள். அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

இந்தப் படம் மானக்கேடு என்பதை டிஸ்னி நிறுவனமே உணர்ந்திருந்தது. 1986க்குப் பிறகு அமெரிக்கத் திரையரங்குகளிலே அதை வெளியிடவில்லை. வீட்டிலே பார்க்கும் நாடாவாகவும் அந்நாட்டிலே விற்கவில்லை. ஆனால் மூன்றே ஆண்டில், 1989இல், அதே படத்தின் விலங்குகளையும் பாட்டையும் எடுத்துச் சவாரி அமைத்தது! படத்தைப் பெட்டிக்குள் பூட்டினார்கள். பாட்டைப் படகிலே ஏற்றினார்கள். அரசியல் அப்போதே படகில் ஏறிவிட்டது, அன்பர்களே! அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏனெனில் அது உங்களைச் சுடவில்லை.

விளையாட்டிலே நிறம் பார்க்கலாமா என்கிறார்கள். பார்த்தவர் யார்? வரலாறு சொல்லட்டும்!

வாஷிங்டன் நகருக்கு அருகே கிளென் எக்கோ என்றொரு பூங்கா. 1960 ஜூன் 30ஆம் நாள், ஹோவர்டு பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர்கள் அங்கே குதிரை ராட்டினத்திலே ஏறி அமர்ந்தார்கள். மரக்குதிரை மறுக்கவில்லை, மனிதன் மறுத்தான். ஐவரைக் கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 1964இல்தான் அவர்கள் மீதான தண்டனை நீங்கிற்று. ராட்டினத்திலே ஏறியதற்கு நான்காண்டு வழக்கு! பால்டிமோர் நகரை அடுத்த குவின் ஓக் பூங்காவிலே 1963 ஜூலையிலே, சமயத் தலைவர்கள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். அதன் விளைவாக அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் பூங்காவின் கதவு திறந்தது. ஓராண்டுகூட நிறையாத கறுப்பினப் பெண்குழந்தை ஒன்று ராட்டினக் குதிரையிலே அமர்ந்தது. அன்றுதான் வாஷிங்டனிலே மார்ட்டின் லூதர் கிங் தம் கனவை உலகுக்கு உரைத்துக்கொண்டிருந்தார். அந்த ராட்டினத்தையே 1981இல் தலைநகரின் தேசியத் திடலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்தக் கிங் அவர்களே, 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய மடலிலே, ஒரு கேளிக்கைப் பூங்காவைக் குறிப்பிட்டார். தொலைக்காட்சி விளம்பரம் பார்த்துவிட்டு அங்கே போகவேண்டும் என்கிறாள் ஆறு வயது மகள். உன் நிறத்தாருக்கு அங்கே இடமில்லை என்று சொல்லத் தந்தைக்கு நா எழவில்லை. பிஞ்சு நெஞ்சிலே தாழ்வு என்னும் கருமேகம் கவிவதை அவர் காண்கிறார். ஆயிரம் மேடைகளிலே முழங்கிய நா, ஒரு குழந்தையின் முன்னே கட்டுண்டு கிடந்தது! விளையாட்டுத்தானே என்பவர்கள் அந்தத் தந்தையின் எதிரே நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

நமக்கு இது புதிதல்ல. வைக்கத்துத் தெருவிலே நடக்க உரிமை கேட்டுப் பெரியார் சிறை சென்றது 1924இல். தெருவானாலும், தேநீர்க் கடைக் குவளையானாலும், ராட்டினமானாலும், தடுப்பவன் மொழி ஒன்றுதான். 1959இல் இந்தியா வந்த கிங், திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றிலே, தம்மை அமெரிக்காவின் தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்ததையும், முதலில் அதிர்ந்து, பிறகு ஆம், நான் அவர்தான் என்று உணர்ந்ததையும் 1965இல் தம் ஊர்த் தேவாலயத்திலே எடுத்துரைத்தார். கடல் பிரித்த இரு நிலங்களைக் கண்ணீர் இணைத்த கதை அது! ஆகவேதான் புளோரிடாவிலே ஒரு படகு பெயர் மாறினாலும் இங்கே நாம் பேனா எடுக்கிறோம்.

எனவே, இரண்டாம் அணியினரின் மகிழ்ச்சியிலே நாமும் பங்குகொள்கிறோம். இளவரசி என்றால் வெளுத்த தோலும் பொன்னிறக் கூந்தலும் என்று படம் போட்டுப் படம் போட்டுப் பதியவைத்த உலகிலே, சுருட்டை முடிச் சிறுமி ஒருத்தி அண்ணாந்து பார்த்து, அவளும் என்னைப் போலத்தான் என்று சொல்லக்கூடுமானால், அது சிறிய செய்தியா? தன்மானம் தத்துவ நூலிலே மட்டும் பிறப்பதல்ல, பொம்மையிலும் பிறக்கும்.

இனி மூன்றாம் அணி. இவர்கள் சொல்வதை நண்பர்கள் கூர்ந்து கேட்கவேண்டும். பொம்மைகள் உயிருள்ளவை போல் அசைகின்றன, இசை காதுக்கு இனிக்கிறது என்று பாராட்டிவிட்டே இவர்கள் குறை சொல்கிறார்கள். திறந்த நாட்களிலே சவாரி அடிக்கடி நின்றுபோயிற்று. வரிசையிலே மணிக்கணக்கிலே காத்திருந்தோர் சலித்துக்கொண்டார்கள். எந்திரத்தைப் பழுது பார்த்துவிடலாம். கதையின் பழுது? டியானா திருவிழா நடத்துகிறாள். இசைக்க ஆள் போதவில்லை. காட்டு விலங்குகளிலே இசைவாணர்களைத் தேடிச் செல்கிறோம். அவ்வளவுதான்! எதிரி இல்லை, இடர் இல்லை. பிறகு அந்த 50 அடிப் பள்ளத்திலே எதற்காக விழுகிறோம் என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. நாமும் கேட்கிறோம்.

பழைய சவாரியிலே ஒரு முயல் இருந்தது. முயலண்ணன் நரியண்ணனிடம் சிக்குவான். என்னை என்ன செய்தாலும் செய், முட்புதரிலே மட்டும் எறிந்துவிடாதே என்று கெஞ்சுவான். நரி ஏமாந்து எறியும். முட்புதரிலே பிறந்து வளர்ந்த முயல் துள்ளி ஓடிவிடும்! அந்த வீழ்ச்சிதான் விடுதலை. இந்தக் கதை யாருடையது? டிஸ்னியுடையதல்ல. 1880இல் அதை நூலாக்கிய ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளை எழுத்தாளருடையதும் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள், இரவு நேரத்திலே தம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை. வலிமையற்றவன் அறிவால் வலியவனை வெல்வான் என்ற நம்பிக்கையைச் சாட்டைக்குத் தெரியாமல் கைமாற்றிய கதை! பண்ணையார் படத்திற்குள்ளே சிறைப்பட்டிருந்த முயலை மீட்டு, உரியவர் கையிலே ஒப்படைத்திருக்க வேண்டாமா? படத்தைத் தூக்கி எறிந்தது சரி. முயலையும் சேர்த்து எறிந்தார்களே, அது சரியா?

சரி, புதுக்கதைதான் என்றால், புதுக்கதையிலே எதிரிக்கா பஞ்சம்? டியானா வாழ்வது 1920களின் நியூ ஆர்லியன்ஸ். அந்த நகரிலேதான் ஹோமர் பிளெஸ்ஸி என்பார், வெள்ளையர் ரயில் பெட்டியிலே அமர்ந்ததற்காக 1892இல் கைதானார். பிரித்து வைப்பது சட்டப்படி சரியே என்று 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு மக்களை அழுத்திய தீர்ப்பு அது. டியானாவுக்கு முன்மாதிரி என்று போற்றப்படும் லியா சேஸ் அம்மையார் அந்த நகரிலே உணவகம் நடத்தியவர். சட்டம் தடுத்த காலத்திலே கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே மேசையிலே அமர்த்திச் சோறிட்டவர். உரிமைப் போராட்டத் தலைவர்கள் கூடிப் பேச இடம் தந்தவர். 2019இல் மறைந்தார். அந்த மேசையை ஒரு காட்சியாக வைத்திருந்தால், பள்ளத்திலே விழுபவனுக்கு ஏன் விழுகிறோம் என்று புரிந்திருக்குமே! ரயிலிலே பிரித்த நகரத்தின் கதையை, எல்லாரும் ஒன்றாய் அமரும் படகிலே சொல்லும் வாய்ப்பு வந்தும், திருவிழாவோடு நிறுத்திக்கொண்டார்கள். காயத்தை மறைக்கப் பூச்சூடுவது மருத்துவமாகாது.

இன்னொன்றும் உண்டு. கதையிலே டியானா, தொழிலாளரே உடைமையாளராக உள்ள கூட்டுறவு நிறுவனம் நடத்துகிறாள். பொம்மை உலகிலே பொதுவுடைமை! மகிழ்ச்சி! மெய்யுலகிலே? புளோரிடாப் பூங்காவின் தொழிலாளர், நிர்வாகம் நீட்டிய கூலி ஒப்பந்தத்தை 2023 பிப்ரவரியிலே 96 விழுக்காட்டு வாக்குகளால் நிராகரித்துப் போராடித்தான், மார்ச்சிலே மணிக்கு 18 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற உறுதியைப் பெற்றார்கள். நுழைவுச் சீட்டின் விலையோ 2024இல், உச்ச நாளிலே, தலைக்கு 189 டாலர் வரை சென்றது. வளர்ந்த பிள்ளைகள் இருவரோடு தாயும் தந்தையும் போனால் 756 டாலர். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியிலே புளோரிடா மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 டாலர். கணக்குப் போடுங்கள் - ஒரு நாள் கேளிக்கைக்கு 58 மணி நேர உழைப்பு! நிறத்தைக் காட்டி அடைத்த கதவைப் போராடித் திறந்தார்கள். திறந்த கதவிலே விலைப்பலகை தொங்குகிறது. கறுப்பின ஏழைக்கும் வெள்ளை ஏழைக்கும் அந்தப் பலகை ஒரே மொழியிலேதான் பேசுகிறது.

ஆகவே நமது தீர்ப்பு இது. மாற்றியது நன்று; மாற்றத்தை எதிர்ப்போர் வரலாற்றைப் படிக்கட்டும். ஆனால் மாற்றிவிட்டோம், கைதட்டுங்கள் என்பவரிடமும் நமக்குச் சொல் உண்டு. நல்ல கொள்கை நலிந்த கலைக்குக் கேடயமாகாது. குறை சொல்வோரையெல்லாம் நிறவெறியர் என்று ஒதுக்கினால், உண்மையான நிறவெறியனுக்குத் திரை கட்டியவர்களாவோம். நேர்மையாகக் குறை சொன்ன மூன்றாம் அணியினர்தான் அந்தச் சிறுமிக்கு உற்ற நண்பர்கள். அவளுக்கு முகம் கிடைத்துவிட்டது. அவள் பாட்டனின் கதையும் கிடைக்கட்டும் என்று கேட்கிறவர்கள் அவர்கள்.

முகத்தைக் கொடுத்தவர்கள் முயலையும் திருப்பிக் கொடுக்கட்டும்!